கேளுங்க சொல்றேன்: சூரியனோட கணக்கைப் போட்ட செசிலியா பெய்ன்

போன இதழ்ல ஒரு வாசகருக்கு, சூரியன் இன்னும் எத்தனை வருஷம் எரியும்னு பதில் எழுதிட்டு வரும்போது, சூரியன்ல பெரும்பகுதி ஹைட்ரஜன்தான்னு முதல்ல கணக்குப் போட்டுக் காட்டினது 25 வயசுப் பொண்ணு, பேரு செசிலியா பெய்ன்னு போற போக்குல ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த லெட்டர்ல முக்காவாசி அந்த ஒரு வரியைப் பத்தித்தான். சூரியன் எப்போ அணையும்ங்கிற கவலை யாருக்கும் இல்ல போல! சரி, மத்த கேள்வி எல்லாம் அடுத்த இதழுக்கு இருக்கட்டும், இந்த தடவை முழுக்க இவங்களைப் பத்தியே பேசிடுவோம்.

கேள்வி: யார் சார் இந்த செசிலியா பெய்ன்? ஸ்கூல் புக்ல எங்கயும் பார்த்த ஞாபகமே இல்லையே. சின்ன வயசுலயே நட்சத்திரம் மேல ஆசையா?
*(கல்லூரி மாணவி, திண்டுக்கல்)*

சின்ன வயசுல ஆசை எல்லாம் செடி கொடி மேலதாங்க. 1900-ம் வருஷம் மே 10, இங்கிலாந்துல வெண்டோவர்ங்கிற ஊர்ல பொறந்தாங்க. அப்பா வக்கீலுக்குப் படிச்சவர், ஆனா சரித்திரமும் சங்கீதமும்தான் அவருக்கு உசுரு, பொண்ணுக்கு 4 வயசு இருக்கும்போதே போய்ச் சேர்ந்துட்டார். அம்மா ஓவியம் வரையறவங்க, 3 பிள்ளைங்களையும் தனியா நின்னு ஆளாக்கினாங்க. பின்னாடி லண்டன் வந்து செசிலியா படிச்ச ஸ்கூல்ல மியூசிக் சொல்லிக் குடுத்தவர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட், பெரிய இசையமைப்பாளர், நீ பாட்டுப் பக்கமே வந்துடும்மான்னு கூப்பிட்டுப் பார்த்திருக்கார். வரலை.

ஸ்கூல் நாள்ல இவங்க பண்ணின ஒரு வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பரீட்சைக்கு முன்னாடி சாமி கும்பிட்டா மார்க் வரும்னு சொல்றாங்களே, அதை ஏன் சோதிச்சுப் பார்க்கக் கூடாதுன்னு பரீட்சைகளை ரெண்டு பங்கா பிரிச்சிருக்காங்க, ஒரு பங்குக்கு மட்டும் பிரார்த்தனை, இன்னொரு பங்குக்கு கிடையாது. ரிசல்ட் வந்தா பிரார்த்தனை பண்ணாத பங்குல மார்க் ஜாஸ்தி! இதை வச்சு சாமி இருக்கா இல்லையான்னு எனக்கு லெட்டர் போட்டுடாதீங்க, நான் சொல்ல வர்றது அந்த வயசுலயே அந்தப் பொண்ணு யோசிச்ச விதத்தை.

1919-ல ஸ்காலர்ஷிப் கிடைச்சு கேம்பிரிட்ஜ்ல பொண்ணுங்களுக்கான நியூனம் காலேஜ்ல சேர்ந்தாங்க, தாவரவியல், இயற்பியல், வேதியியல் எல்லாம் படிக்க. அந்த வருஷம் மே 29-ம் தேதி முழு சூரிய கிரகணம், அதைப் படம் பிடிக்க ஆர்தர் எடிங்டன்ங்கிற கேம்பிரிட்ஜ் வானியலாளர் ஆப்பிரிக்கா பக்கத்துல பிரின்சிப்பே தீவு வரைக்கும் போயிட்டு வந்திருந்தார். சூரியன் ஓரமா வர்ற நட்சத்திர ஒளி ஐன்ஸ்டீன் சொன்ன மாதிரியே வளையுதுன்னு அளந்துட்டு வந்து கேம்பிரிட்ஜ்ல பேசினார். நியூனம் பொண்ணுங்களுக்கு வந்தது மொத்தமே 4 டிக்கெட், அதுல ஒரு தோழி போக முடியாம போனதால செசிலியாவுக்கு இடம் கிடைச்சுது. கேட்டுட்டு ரூமுக்கு வந்து உக்காந்து அந்தப் பேச்சு முழுசையும் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகத்துல இருந்து எழுதிட்டாங்களாம், 3 ராத்திரி தூக்கமே இல்லையாம். அதோட தாவரவியலுக்கு டாட்டா, நேரா இயற்பியல்.

அங்க இன்னொரு கூத்து. ரூதர்ஃபோர்டு கிளாஸ்ல பொம்பளைப் பிள்ளைங்க முதல் பெஞ்சுலதான் உக்காரணும்னு ரூல், மேல்நிலை வகுப்புல இருந்த ஒரே பொண்ணு இவங்கதான், அதனால முதல் வரிசை முழுக்க காலி, நடுவுல இவங்க ஒருத்தி. மனுஷன் தினமும் வந்து நின்னு இவங்களையே பார்த்துக்கிட்டு "லேடீஸ் அண்ட் ஜென்டில்மென்"னு கணீர்னு ஆரம்பிப்பாராம், பின்னாடி இருக்கற பசங்க எல்லாம் கையைத் தட்டி காலை உதைச்சு ஒரே ரகளை. பூமி பிளந்து உள்ள போயிடக் கூடாதான்னு இருக்கும்னு பின்னாடி தன் வாழ்க்கைக் கதையில எழுதியிருக்காங்க. வயசான காலத்துலயும் எந்த ஹாலுக்குப் போனாலும் கால் தானா கடைசி வரிசைக்குத்தான் போகுமாம்.

கேள்வி: கேம்பிரிட்ஜ்ல படிச்சு முடிச்சும் டிகிரி தரலைன்னு கேள்விப்பட்டேன். நிஜமா?
*(ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)*

நிஜம்தான் ஐயா. பாடம் உண்டு, பரீட்சை உண்டு, பாஸும் உண்டு, பட்டம் மட்டும் கிடையாது. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழு டிகிரி குடுக்க ஆரம்பிச்சது 1948-லதான். இங்கிலாந்துல இருந்தா கடைசி வரைக்கும் ஸ்கூல் டீச்சர் வேலைதான்னு இவங்களுக்குப் புரிஞ்சுடுச்சு. அந்த நேரம் அமெரிக்காவுல ஹார்வர்ட் அப்சர்வேட்டரியோட, அதாவது வானாய்வகத்தோட, புது டைரக்டர் ஹார்லோ ஷேப்லி லண்டன்ல வந்து பேசினார், இவங்க போய்ப் பார்த்து நான் உங்ககிட்ட வேலை செய்யணும்னு நேராவே கேட்டுட்டாங்க. 1923-ல ஒரு ஃபெல்லோஷிப் வாங்கிக்கிட்டு கப்பல் ஏறியாச்சு.

கேள்வி: சூரியன் கிட்ட யாரும் போக முடியாது. அப்புறம் அதுல ஹைட்ரஜன் இவ்வளவு, இரும்பு இவ்வளவுன்னு எப்படி சார் சொன்னாங்க? கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்களேன்.
*(பிளஸ் டூ மாணவர், நாகர்கோவில்)*

நல்ல கேள்வி தம்பி, இதுக்கு கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படி.

சூரிய ஒளியை ஒரு பட்டகம் வழியா விட்டா வானவில் மாதிரி நிறமாலை விழும்னு உனக்குத் தெரியும். நல்ல கருவியில பார்த்தா அந்த வானவில்லுக்கு குறுக்க கருப்பு கருப்பா மெல்லிசு கோடுங்க தெரியும். சூரியனோட வெளி அடுக்குல இருக்கற ஒவ்வொரு தனிமமும் தனக்குன்னு உள்ள நிறத்தை உறிஞ்சிக்கறதால வர்ற கோடு. இந்த கோடு சோடியம், இந்த கோடு கால்சியம், இது இரும்புன்னு 19-ம் நூற்றாண்டுலயே அடையாளம் கண்டுட்டாங்க. ஹார்வர்ட்ல இதை சூரியனுக்கு மட்டும் இல்லாம வானத்துல இருக்கற நட்சத்திரங்களுக்கெல்லாம் பண்ணாங்க, டெலஸ்கோப் முன்னாடி பட்டகத்தை வச்சு கண்ணாடித் தட்டுல படம் எடுத்தா ஒவ்வொரு நட்சத்திரமும் புள்ளியா விழாம சின்னதா ஒரு இழுப்பு மாதிரி விழும், அந்த இழுப்புக்குள்ள கோடுங்க இருக்கும், பூதக் கண்ணாடி வச்சுத்தான் பார்க்கணும். அப்படிப் பார்த்துப் பார்த்தே ஆனி ஜம்ப் கேனன்ங்கிற அம்மா ஒருத்தங்க ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம்னு வகை பிரிச்சு 225300 நட்சத்திரத்துக்கு அட்டவணை போட்டாங்க. காது சரியா கேக்காது அவங்களுக்கு, ஆனா கண்ணு இருக்கே, அப்பப்பா.

செசிலியா போய் இறங்கின இடம் இதுதான். இவங்களுக்குக் குடுத்த மேஜை ஹென்ரியட்டா லெவிட்டோடது, நட்சத்திர தூரத்தை அளக்க வழி கண்டுபிடிச்சுட்டு 1921-ல இறந்து போனவங்க. ராத்திரி ஆனா லெவிட்டோட விளக்கு இன்னும் எரியுதுன்னு அங்க ஒரு பேய்க் கதை வேற. தட்டு இருக்கு, வகை இருக்கு, ஆனா ஏன் ஒரு நட்சத்திரத்துல இந்தக் கோடு தடியா இருக்கு, இன்னொண்ணுல ஏன் காணோம்ங்கிறதுக்கு அங்க யார்கிட்டயும் சரியான பதில் இல்ல.

அந்தப் பதில் கல்கத்தாவுல இருந்து வந்துச்சு. மேக்நாத் சாஹா, இப்போ வங்கதேசத்துல டாக்கா பக்கம் ஒரு கிராமத்துல சின்ன மளிகைக் கடைக்காரர் மகன், 1920-ல ஒரு சமன்பாடு வெளியிட்டார். வெப்பம் இவ்வளவு, அழுத்தம் இவ்வளவுன்னா எத்தனை அணு எலக்ட்ரானை இழந்து அயனியா நிக்கும்ங்கிற கணக்கு. அதுவரைக்கும் எல்லாரும் என்ன நினைச்சாங்கன்னா கோடு தடியா இருந்தா அந்த தனிமம் அங்க நிறைய இருக்குன்னு. அப்படி இல்ல. திருவிழா மைக் செட் சத்தத்தை வச்சு ஊர்ல எத்தனை பேர் இருக்காங்கன்னு சொல்ல முடியுமா? கோடு வர்றதுக்கு அணு இருந்தா மட்டும் பத்தாது, அது சரியான நிலையில நிக்கணும்.

இப்போ சூரியனையே எடுத்துக்கோ. மேற்பரப்பு சுமார் 5500 டிகிரி செல்சியஸ். கண்ணுக்குத் தெரியற ஹைட்ரஜன் கோடு வரணும்னா அந்த ஹைட்ரஜன் அணு ஏற்கனவே ஒரு படி மேல, ரெண்டாவது ஆற்றல் நிலையில இருக்கணும். அந்த வெப்பத்துல எத்தனை அணு அங்க நிக்கும்? 100 கோடியில 5, 6 தான். மிச்ச ஹைட்ரஜன் எல்லாம் இருந்தும் இல்லாத மாதிரி, நம்ம கண்ணுக்கு அகப்படாது. கால்சியம் அதுக்கு நேர் எதிர், அந்த வெப்பத்துல கிட்டத்தட்ட எல்லாமே கோடு போடற நிலையில நிக்குது, அதனால கொஞ்சூண்டு இருந்தாலும் கோடு பட்டையா விழுது. ஆக 100 கோடியில 5, 6 அணு போட்ட கோடே இவ்வளவு தெளிவா தெரியுதுன்னா மொத்த ஹைட்ரஜன் எவ்வளவு இருக்கணும்? யோசிச்சுப் பாரு, தலை சுத்தும்.

மில்ன்னு கேம்பிரிட்ஜ்ல ஒருத்தர், ஃபௌலர்ங்கிற இன்னொரு விஞ்ஞானி கூட சேர்ந்து சாஹா கணக்கை இன்னும் செப்பனிட்டவர், நீ ஹார்வர்ட் போனா அந்த தட்டுகளை வச்சு இதை சோதிச்சுப் பாருன்னு முன்னாடியே சொல்லி அனுப்பியிருந்தார். செசிலியா 2 வருஷம் அதுலயே கிடந்தாங்க. கோட்டோட தடிமனை கண்ணால அளந்து, நட்சத்திர வகை ஒவ்வொண்ணுக்கும் வெப்பநிலை கண்டுபிடிச்சு, அதுல இருந்து 18 தனிமத்தோட அளவைக் கணக்குப் போட்டாங்க. சிலிக்கான், கார்பன், இரும்பு வகையறா எல்லாம் பூமியில இருக்கற விகிதத்துக்கு ஏறக்குறைய ஒத்து வந்துச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். ஹீலியமும் ஹைட்ரஜனும் மட்டும் எங்கயோ போய் நின்னுச்சு. ஹைட்ரஜன் உலோகங்களை விட சுமார் 10 லட்சம் மடங்கு. எல்லா நட்சத்திரத்துலயும் அதே கதை.

இன்னைக்குக் கணக்குல சூரியனோட எடையில முக்கால் பங்குக்கு கிட்ட ஹைட்ரஜன், கால் பங்கு ஹீலியம், நாம அறிஞ்ச மத்த எல்லா தனிமமும் சேர்ந்தே 2 சதவீதத்துக்குள்ள அடக்கம்.

கேள்வி: இவங்க கண்டுபிடிச்சதை ரஸ்ஸல்னு ஒரு ஆம்பளை விஞ்ஞானி திருடிட்டார்னு எங்க ஃபேமிலி குரூப்ல ஒரு ஃபார்வர்ட் வந்துச்சு. படிச்சதும் கொதிச்சுப் போச்சு. உண்மையா?
*(ஐடி ஊழியர், சென்னை)*

கொதிக்க வேண்டிய இடம் இருக்கு மேடம், ஆனா அது இது இல்லைன்னு நினைக்கறேன்.

நடந்தது இது. செசிலியாவோட பிஎச்டி ஆய்வேட்டு சமாச்சாரத்தை ஷேப்லி தன்னோட குரு ஹென்ரி நோரிஸ் ரஸ்ஸலுக்கு அனுப்பினார். பிரின்ஸ்டன்காரர், அன்னைக்கு அமெரிக்க வானியல்ல அவர் வாய்ச்சொல்தான் சட்டம், ஒரு இளசுக்கு வேலை கிடைக்கறதும் கிடைக்காம போறதும் அவர் ஒரு வரி எழுதறதைப் பொறுத்து. 1925 ஜனவரியில அவர் பதில் போட்டார், மத்ததெல்லாம் பிரமாதம், ஆனா ஹைட்ரஜன் உலோகங்களை விட 10 லட்சம் மடங்குங்கிறது நிச்சயமா நடக்காத காரியம்னு. செசிலியா என்ன பண்ணாங்க, கணக்கை அடிக்கலை, எண்ணை மாத்தலை, அட்டவணையில அப்படியே போட்டுட்டு, இந்த ரெண்டு தனிமத்துக்கு மட்டும் வந்த விடை அநேகமா நிஜம் இல்லைன்னு ஒரு வரி சேர்த்துட்டாங்க. அந்த ஒரு வரிதான் இன்னைக்கு உங்க குரூப் வரைக்கும் வந்து நிக்குது.

ரஸ்ஸல் ஏன் அப்படி சொன்னார்ங்கிறதையும் பார்க்கணும். பூமியோட மேலோட்டை சூரியன் அளவுக்கு சூடு பண்ணினா அதோட நிறமாலை சூரியன் மாதிரியேதான் இருக்கும்னு ஒரு தலைமுறையா எல்லாரும் நம்பிட்டு இருந்தாங்க, ரஸ்ஸலும் அதையே எழுதினவர். சாஹா கணக்கும் வந்து 5 வருஷம்தான் ஆச்சு, ஹைட்ரஜன்ல ஏதோ புரியாத கோளாறு இருக்குன்னு அவர் நினைச்சதுல பொறாமை எதுவும் எனக்குத் தெரியலை. அடுத்த 4 வருஷத்துல ஜெர்மனியில உன்சோல்ட், இங்கிலாந்துல மெக்ரே எல்லாம் வேற வேற வழியில போயும் அதே ஹைட்ரஜன்ல வந்து முட்டிக்கிட்டாங்க. கடைசியில ரஸ்ஸலே 1929-ல தன்னோட முறையில தனியா கணக்குப் போட்டு, ஆமா ஹைட்ரஜன்தான்னு கட்டுரை வெளியிட்டார், அதுல மிஸ் பெய்னோட முந்தின வேலையைக் குறிப்பிட்டு, தன் விடை அதோட ஒத்துப் போகுதுன்னும் எழுதினார். இதைத் திருட்டுன்னு சொல்ல முடியாது. ஆனா ஊர் உலகம் ரஸ்ஸல் சொன்னப்புறம்தான் நம்புச்சு, ரொம்ப வருஷம் பேரும் அவருக்கே போச்சு, அது வேற விஷயம்.

செசிலியாவே ரஸ்ஸலைத் திட்டலை. தப்பு என்னோடது, சரின்னு தெரிஞ்சும் பெரியவர் சொல்லுக்குப் பணிஞ்சுட்டேன், இளசுங்க இதை ஒரு எச்சரிக்கையா எடுத்துக்கோங்கன்னு பின்னாடி எழுதினாங்க. எனக்கு இதுல முழு சம்மதம் இல்ல. 24 வயசு, வெளிநாடு, ஃபெல்லோஷிப் பணத்துல சாப்பாடு, எதிர்ல ரஸ்ஸல். அந்த இடத்துல நின்னு நான் சொன்னதுதான் சரின்னு எழுத எத்தனை பேரால முடியும்? பல வருஷம் கழிச்சு ஆட்டோ ஸ்ட்ரூவங்கிற பெரிய வானியலாளர், வானியல்ல இதுவரைக்கும் எழுதப்பட்ட பிஎச்டி ஆய்வேட்டுலயே இதுதான் தலைசிறந்ததுன்னு எழுதினார், அந்த வரியையும் சேர்த்துத்தான்.

கேள்வி: சாஹாவுக்கு நோபல் கிடைச்சுதா?
*(வாசகர், மதுரை)*

இல்லைங்க. பல தடவை பேரைப் பரிந்துரைச்சாங்க, கிடைக்கலை. பார்லிமென்ட்டுக்குப் போனார் தெரியுமா, 1952 தேர்தல்ல சுயேச்சையா ஜெயிச்சு.

கேள்வி: எடிங்டன்னு எழுதியிருக்கீங்களே, நம்ம சந்திரசேகரை சபையில வச்சு மட்டம் தட்டினாரே அதே எடிங்டனா? அவர் எப்படி ஒரு பொண்ணுக்கு உதவி பண்ணியிருப்பார்?
*(வங்கி அலுவலர், திருச்சி)*

அதே ஆளுதான் சார். நம்ம சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்சுட்டுப் போன சந்திரசேகர் 1935 ஜனவரியில லண்டன் ராயல் அஸ்ட்ரனாமிகல் சொசைட்டியில வெள்ளைக் குள்ளன், அதாவது எரிஞ்சு முடிஞ்சு சுருங்கின நட்சத்திரத்துக்கு எடை வரம்பு உண்டுன்னு பேசி முடிச்ச கையோட எழுந்து, நட்சத்திரம் இப்படிக் கிறுக்குத்தனமா நடந்துக்காம தடுக்க இயற்கையில ஒரு விதி இருக்கணும்னு கிண்டலடிச்சாரே, அவரேதான். ஆனா கேம்பிரிட்ஜ்ல செசிலியாவுக்கு லைப்ரரியைத் திறந்து விட்டதும், கணக்கு குடுத்து வேலை வாங்கினதும் இவர்தான். மனுஷங்க அப்படித்தான், ஒரே ஆளு ஒருத்தருக்கு ஏணி, இன்னொருத்தருக்கு சுவரு.

செசிலியாவுக்கும் ஒரு சின்ன குட்டு வாங்கின கதை உண்டு. ஆய்வை முடிச்சுட்டு கேம்பிரிட்ஜ் போயிருந்தப்போ ஓடிப் போய் எடிங்டன் கிட்ட நட்சத்திரத்துக்குள்ள ஹைட்ரஜன்தான் அதிகம்னு நினைக்கறேன்னு சொன்னாங்க. அவர், உள்ளன்னு சொல்லாத, மேலன்னு சொல்லுன்னாராம். அதாவது மேல் தோல்ல வேணா இருக்கலாம், உள்ள இருக்காதுன்னு. தமாஷ் என்னன்னா ஹைட்ரஜன் அணு சேர்ந்து ஹீலியம் ஆகறதுல இருந்துதான் நட்சத்திரத்துக்கு சக்தி வருதோன்னு 1920-லயே யோசனை சொன்னவர் அதே எடிங்டன்! எரிபொருள் என்னன்னு தானே சொல்லிட்டு, டேங்க் நிறைய அது இருக்குன்னு பொண்ணு வந்து சொன்னா நம்பலை. பின்னாடி ஒத்துக்கிட்டார்.

கேள்வி: நான் வேலைக்குப் போய்க்கிட்டே 2 பிள்ளைங்களை வளர்க்கறவ. பிஎச்டிக்கு அப்புறம் அவங்க வாழ்க்கை எப்படி இருந்துச்சு? கல்யாணம், குழந்தைங்க? பெரிய கண்டுபிடிப்பு பண்ணினதுக்கு உடனே புரொஃபசர் ஆக்கியிருப்பாங்களே?
*(தனியார் நிறுவன ஊழியர், கோயம்புத்தூர்)*

மேல ஒருத்தங்க கொதிச்சாங்களே, கொதிக்க வேண்டிய இடம் இங்கதான் இருக்கு.

முதல்ல பிஎச்டி வாங்கினதே சுத்தி வளைச்சு. ஹார்வர்ட்ல அப்போ வானியலுக்கு தனி முனைவர் படிப்பு கிடையாது, இயற்பியல் துறைத் தலைவர் பொம்பளைப் பிள்ளையை சேர்க்க மாட்டேன்னுட்டார், ஷேப்லி அதுக்காகவே வானியல்ல புதுசா ஏற்பாடு பண்ண வேண்டியதாச்சு. பட்டம் கூட ஹார்வர்ட் பேர்ல இல்ல, பக்கத்துல பெண்களுக்கான ராட்கிளிஃப் காலேஜ் பேர்ல, 1925-ல. சரி, பட்டம் வந்தாச்சு. அப்புறம்? ஷேப்லி அப்சர்வேட்டரியிலயே வச்சுக்கிட்டார், ஆனா எந்தப் பதவியில தெரியுமா, எந்தப் பதவியிலயும் இல்ல. சம்பளம் உபகரணங்கள் வாங்கற கணக்குல இருந்து போச்சு. டெலஸ்கோப், லென்ஸ், மிஸ் பெய்ன்! மாணவர்களுக்குப் பாடம் எடுத்தாங்க, ஆய்வுக்கு வழிகாட்டினாங்க, ஆனா அவங்க எடுத்த பாடம் எதுவும் 1945 வரைக்கும் ஹார்வர்ட் பாடப்பட்டியல்ல அச்சாகலை. அப்போ பல்கலைக்கழகத் தலைவரா இருந்த லோவல், தான் உசுரோட இருக்கற வரைக்கும் மிஸ் பெய்னுக்கு இங்க பதவி கிடையாதுன்னு சொன்னதா அவங்களே எழுதி வச்சிருக்காங்க.

சம்பளமும் சொல்லிக்கற மாதிரி இல்ல. நிறமாலைதான் அவங்களோட கோட்டை, அதுலதான் சிங்கம், ஆனா ஷேப்லி அந்த வேலைக்கு வேற ஒருத்தரைக் கொண்டு வந்துட்டு, நீ நட்சத்திர வெளிச்சத்தை அளக்கற வேலையைப் பாருன்னு மாத்தி விட்டுட்டார். ரஸ்ஸல் சொல்லுக்காக சேர்த்த அந்த ஒரு வரியை எல்லாரும் சொல்றாங்க, கைக்கு வந்த துறையையே பிடுங்கி வேற வேலை குடுத்ததை யாரும் ஃபார்வர்ட் பண்றதில்ல. என்னைக் கேட்டா வானியலுக்கு அதுதான் பெரிய நஷ்டம். ஷேப்லி வில்லன் இல்ல, அவர் இல்லைன்னா இவங்க அமெரிக்காவுக்கே வந்திருக்க முடியாது, ஆனா தன் கையில இருக்கறது என்ன தரம்னு அவருக்குத் தெரிஞ்சே இருந்தும் கடைசி வரை குறைஞ்ச சம்பளத்துலயே ஓட்டிட்டார்.

கல்யாணக் கதை சினிமா மாதிரி. 1933-ல ஐரோப்பா சுத்தப் போனாங்க, ஜெர்மனியில கோட்டிங்கன் ஊர்ல ஒரு வானியல் மாநாடு. அங்க செர்ஜி கபோஷ்கின்னு ஒரு ரஷ்யர், இவங்களைப் பார்க்கணும்னே சைக்கிள்ல வந்தாராம். ஹிட்லர் பதவிக்கு வந்து சில மாசம் ஆன நேரம், ரஷ்யன்னு ஜெர்மனியில சந்தேகம், சோவியத்துக்குத் திரும்பவும் வழி இல்ல, வேலை போற நிலைமை. தன் கஷ்டத்தை எழுதி இவங்க கையில குடுத்துட்டார். அமெரிக்கா திரும்பினதும் செசிலியா அங்க இங்க அலைஞ்சு அவருக்கு விசாவும் ஹார்வர்ட்ல வேலையும் ஏற்பாடு பண்ணி வரவழைச்சாங்க, 1934 மார்ச்ல ரெண்டு பேரும் சத்தமில்லாம நியூயார்க் போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்தாங்க. அதுக்கப்புறம் பேரு செசிலியா பெய்ன் கபோஷ்கின்.

3 பிள்ளைங்க, எட்வர்ட், கேதரின், பீட்டர். பார்த்துக்க ஆள் இல்லாதப்போ பிள்ளைங்களை அப்சர்வேட்டரிக்கே கூட்டிட்டு வந்துடுவாங்க, அதுங்க அங்க ஓடி ஆடி, இது ஆராய்ச்சி நிலையமா பாலர் பள்ளியான்னு முணுமுணுத்த ஆளுங்களும் உண்டு. உங்களுக்கு இதெல்லாம் புதுசா இருக்காது. அதுக்கு நடுவுலதான் புருஷனும் பொண்டாட்டியுமா சேர்ந்து வெளிச்சம் கூடிக் குறையற நட்சத்திரங்களை அந்த பழைய கண்ணாடித் தட்டுகள்ல தேடித் தேடி அளந்தாங்க, உதவியாளர்களோட சேர்ந்து 12 லட்சம் அளவீடுக்கு மேல, அப்புறம் மெகல்லன் மேகங்கள்ங்கிற பக்கத்து நட்சத்திரக் கூட்டங்களுக்கு இன்னொரு 20 லட்சம். கம்ப்யூட்டர் இல்ல, ஒண்ணொண்ணா கண்ணால பார்த்து எழுதினது. நட்சத்திரங்கள் எப்படி வயசாகுதுன்னு பின்னாடி வந்தவங்க கண்டுபிடிக்கறதுக்கு இது பெரிய அடித்தளம்.

1938-ல "வானியலாளர்"னு ஒரு பதவிப் பேரு குடுத்தாங்க. புரொஃபசர்? 1956. ஷேப்லி போய் டொனால்ட் மென்செல் டைரக்டரா வந்து, இவங்க சம்பளம் எவ்வளவுன்னு பார்த்து அதிர்ந்து போய் ஏத்தி விட்டப்புறம். ஹார்வர்ட் கலை அறிவியல் புலத்துல உள்ளேயே வேலை பார்த்து பதவி உயர்வுல முழு புரொஃபசர் ஆன முதல் பெண், சீக்கிரமே வானியல் துறைக்குத் தலைவர், ஹார்வர்ட்ல ஒரு துறைக்குத் தலைமை ஏத்த முதல் பெண்ணும் இவங்கதான். ஆய்வேடு 1925, புரொஃபசர் பதவி 1956. 31 வருஷம். அந்த இடைவெளியை என்ன சொல்லி நியாயப்படுத்தறது, எனக்குத் தெரியலை மேடம்.

கேள்வி: ஆளு எப்படி இருப்பாங்க? கோபக்காரியா, சாதுவா?
*(வாசகி, தேனி)*

நல்ல உயரம், கட்டைக் குரல், ஒரு சிகரெட் அணையறதுக்குள்ள அடுத்தது. வாய் விட்டா லத்தீன், கிரேக்கம்னு மேற்கோள் கொட்டும், சிலேடைன்னா உயிர். சமையல், பின்னல், தையல் எல்லாம் அத்துப்படி. கிளாஸ் எடுத்தா குறிப்பே இல்லாம நடந்துக்கிட்டே பேசுவாங்களாம். வேற்றுக்கிரக அறிவுயிர்களைத் தேடி ரேடியோ டெலஸ்கோப்பைத் திருப்பின ஃபிராங்க் டிரேக் இவங்ககிட்ட பிஎச்டி பண்ணினவர்தான்.

கேள்வி: கடைசிக் காலத்துலயாவது விருது குடுத்து கௌரவிச்சாங்களா?
*(வாசகர், சேலம்)*

குடுத்தாங்க. 1934-லயே ஆனி கேனன் பேர்ல பெண் வானியலாளருக்குன்னு ஆரம்பிச்ச பரிசை முதல் ஆளா வாங்கினாங்க. பெரிசு எதுன்னா 1976-ல அமெரிக்க வானியல் சங்கம் வாழ்நாள் சாதனைக்காகக் குடுத்தது, அந்தப் பரிசோட பேரு ஹென்ரி நோரிஸ் ரஸ்ஸல் பரிசு! மேடையில அவங்க அதைப் பத்தி எல்லாம் இடிச்சுப் பேசலை. இளம் விஞ்ஞானிக்குக் கிடைக்கற பலன், உலகத்துலயே ஒரு விஷயத்தை முதல்ல பார்த்த அந்த சிலிர்ப்பு, வயசான விஞ்ஞானிக்கு, அன்னைக்கு மங்கலா தெரிஞ்ச கோட்டுச் சித்திரம் முழு ஓவியமா விரியறதைப் பார்க்கற திருப்தின்னு பேசினாங்க. 1979 டிசம்பர் 7-ல காலமானாங்க. 2039-ம் நம்பர் சிறுகோளுக்கு இவங்க பேரு வச்சிருக்காங்க.

கேள்வி: நீங்க சொல்ற அந்த கருப்புக் கோட்டை நாங்க வீட்டுல பார்க்க முடியுமா? லேப் எல்லாம் இல்ல. 9-வது படிக்கறேன்.
*(மாணவி, கும்பகோணம்)*

முடியும் பாப்பா, ஒரு பழைய சிடி போதும். அதுல 1 மில்லிமீட்டருக்கு 600 வரிக்கு மேல ஓடுது, அதுவே ஒளியைப் பிரிச்சுடும். நீளமான அட்டைப் பெட்டி ஒண்ணு எடுத்து, ஒரு ஓரத்துல மெல்லிசா ஒரு கீறல் விடணும், வெறும் அட்டையை வெட்டினா பிசிறு வரும், அதனால அப்பாவை விட்டு ரெண்டு பிளேடை எதிர் எதிரா முடி அளவு இடைவெளி விட்டு ஒட்டச் சொல்லு, நீ பிளேடைத் தொடாத. எதிர்ப்பக்கம் சிடியை சாய்ச்சு வச்சு, மேல ஒரு ஓட்டை போட்டு கண்ணை வச்சுப் பார்க்கணும். உள்பக்கம் கருப்புக் காகிதம் ஒட்டிடு, இல்லைன்னா வெளிச்சம் சிதறி ஒண்ணும் தெரியாது.

கீறலை சூரியனுக்கு நேரா காட்டவே காட்டாத, கண்ணு போயிடும். வெயில் அடிக்கற வெள்ளைச் சுவரையோ வெளிச்சமான வானத்தையோ பார்த்தாலே போதும். கீறல் எவ்வளவு குறுகலோ கோடு அவ்வளவு தெளிவு. முதல்ல மஞ்சள்ல சோடியம் கோட்டைத் தேடு, அப்புறம் சிவப்புல ஒண்ணு, நீலப்பச்சையில ஒண்ணு, அந்த ரெண்டும் ஹைட்ரஜன். முதல் தடவையே தெரியலைன்னா சிடியோட சாய்வைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்திப் பாரு. தெரு விளக்கு, பழைய டியூப்லைட் எல்லாத்தையும் காட்டிப் பாரு, டியூப்லைட்டுல பாதரசத்தோட பச்சைக் கோடு பளிச்னு நிக்கும், எல்ஈடி பல்புல அது இருக்காது.